வெளியே குழாய் தெரிந்தால் எஸ்ஜே ஆகிவிடாதுங்க

இந்த மாதமும் ஒருவர் மாட்டியிருக்கிறார். முன்பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் எனக்குப் படம் அனுப்பி, "ட்யூசன்பெர்க் எஸ்ஜே, ஒரிஜினல், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்கிறார். பணம் போனபிறகு நான் எதைப் பார்த்து எதைச் சொல்ல? பழைய அமெரிக்க கார்களைச் சோதித்து மதிப்புப் போடுவதுதான் என் பிழைப்பு. கையெழுத்துப் போடும் முன்னால் கூப்பிட்டால்தானே அதில் ஏதாவது பிரயோசனம்?

ட்யூசன்பெர்க் என்பது பழைய அமெரிக்க சொகுசு கார். அதன் மாடல் ஜே-யில் சூப்பர்சார்ஜர், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பிச் சக்தி கூட்டும் கருவி, வைத்ததுதான் எஸ்ஜே. அவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம், பானெட்டின் பக்கவாட்டில் வளைந்து இறங்கும் குரோம் குழாய்கள். "குழாய் வெளியே தெரிகிறதே, அப்போ சூப்பர்சார்ஜர்தானே?" இல்லைங்க! 1932-இல் எஸ்ஜே வந்தபோது அந்தக் குழாய்கள் அதன் அடையாளமாகிவிட்டன, உண்மைதான். ஆனால் சூப்பர்சார்ஜர் இல்லாத சாதாரண மாடல் ஜே-க்கும் அதே குழாய்கள் கிடைத்தன. பார்க்க அழகாக இருக்கிறது என்று அன்றைக்கே கேட்டு மாட்டிக்கொண்டார்கள், பிற்பாடு கார் புதுப்பித்தவர்களும் மாட்டினார்கள். குழாய் புகையை வெளியேற்றும், அவ்வளவுதான். சூப்பர்சார்ஜர் உள்ளே இருக்க வேண்டும், பானெட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும். திறந்து பார்த்து அது இருந்தாலும், தொழிற்சாலையில் வைத்ததா, ஐம்பது வருடம் கழித்து யாரோ வைத்ததா என்ற கேள்வி பாக்கி. அந்தக் கூடுதல் சக்தியைத் தாங்க, எஸ்ஜே-க்கு கனெக்டிங் ராடுகளையே (பிஸ்டனை கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் தண்டுகள்) எஃகுக் குழாயில் செய்தார்கள், ஜே-யில் அவை அலுமினியம். பழைய ராடை அப்படியே விட்டுவிட்டு மேலே சூப்பர்சார்ஜரை மட்டும் பூட்டிய இன்ஜினை, விற்பவர் ஆசையாக மிதித்துக் காட்டும்போது நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன்.

அடுத்தது, "இன்ஜின் நம்பர் சரியா இருக்கு சார், அப்போ முழு காரும் ஒரிஜினல்." மாடல் ஜே 1928 டிசம்பரில் நியூயார்க்கில் அறிமுகமானது. 6.9 லிட்டர், எட்டு சிலிண்டர், நிறுவனக் கணக்கில் 265 குதிரைத்திறன். இன்ஜினைக் கட்டியது பென்சில்வேனியாவில் இருந்த லைகமிங். இண்டியானாபொலிஸில் ட்யூசன்பெர்க் விற்றது சேஸியை (பாடி இல்லாமல், இன்ஜினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) மட்டும்தான், அதற்கே 8,500 டாலர். பாடியை மர்ஃபி, லெபாரன், ரோல்ஸ்டன் என்று தனித்தனி பட்டறைகள் கட்டின. இந்தூர் மகாராஜா ஹோல்கருடைய காருக்கு லண்டனில் கர்னி நட்டிங் கட்டியது. பிடிக்காவிட்டால் சில வருடத்திலேயே பாடியைக் கழற்றி வேறு பாடி போட்டுக்கொள்வார்கள். ஆக, இன்ஜின் நம்பர் இன்ஜினைப் பற்றி மட்டும்தான் பேசும். சேஸி நம்பர் எங்கே, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவில் உள்ள தடுப்பு) உள்ள தகடு என்ன சொல்கிறது, பாடியில் அதைக் கட்டியவர்களின் நம்பர் இருக்கிறதா, எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். பாடி மாறியிருந்தால் அது போலி என்று அர்த்தமில்லை, விலை வேறு என்று அர்த்தம்.

தகட்டைப் பார்க்கும்போது எழுத்தைவிட அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணியைப் பாருங்கள். எண்பது வருடப் பெயின்டுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் நடுவில் ரிவெட்டின் தலை மட்டும் புதுக்காசு மாதிரி மின்னினால், தகட்டைப் பிற்பாடு யாரோ மாட்டியிருக்கலாம், கைபேசியை எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆபர்ன் 851 ஸ்பீட்ஸ்டர் வாங்குகிறவர்களுக்குத் தனியாகத் திட்டு உண்டு. 1935-இல் 2,245 டாலருக்கு விற்ற கார், டேஷ்போர்டில் மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டிப் பார்த்ததாக ரேஸ் ஓட்டுநர் ஏப் ஜென்கின்ஸ் கையெழுத்தோடு ஒரு தகடு. அந்தத் தகடு மறுபதிப்பாகவும் கிடைக்கிறது! கார் முழுவதுமே மறுபதிப்பாகக் கிடைக்கிறது. ஓக்லஹோமாவில் க்ளென் ப்ரே 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஃபைபர்கிளாஸ் பாடியில் வெளிப்படையாகவே செய்து விற்றார், அவர்மேல் குற்றமில்லை. நாலு கை மாறி வரும்போது யாரோ "ரெப்ளிகா" என்பதை விட்டுவிடுகிறார்கள். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பாடியில் ஒட்டவில்லையா, ரெப்ளிகாவில் வரும் ஃபோர்டு வி8 இன்ஜின் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்டட்ஸ் பேர்கேட் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் பற்றி நிறைய எழுதலாம், இப்போதைக்கு ஒன்று மட்டும்: கதவு இல்லை, இரண்டு சீட், பின்னால் உருளை டேங்க் என்று இருக்கிற எல்லாமே பேர்கேட் இல்லை. ஸ்டட்ஸின் குடும்பக் காரை வெட்டிச் செய்ததும் நிறைய உண்டு. அதே மாதிரி பழைய ஸ்போர்ட்ஸ் காரான மெர்சர் ரேஸ்அபௌட்டிலும் இதே தலைவலிதான்.

டைட்டிலையும், அதாவது காரின் உரிமைப் பத்திரத்தையும், விடாதீர்கள். இந்தக் காலத்துக் கார்கள் பலவற்றை இன்ஜின் நம்பரை வைத்தே பதிவு செய்தார்கள். இன்ஜின் மாறியிருந்தால் காகிதம் ஒன்று சொல்லும், கார் ஒன்று சொல்லும், பதிவு அலுவலகத்தில் நிற்கப்போவது நீங்கள். ஆபர்ன் கார்ட் ட்யூசன்பெர்க் கிளப் கார்களைச் சோதித்துச் சான்று கொடுக்கிறது, அது இருக்கிறதா என்று முதல் போனிலேயே கேளுங்கள்.

பானெட்டைத் திறந்து நம்பரைப் படம் பிடிக்கவோ, காரை லிஃப்டில் ஏற்றவோ விடமாட்டேன் என்றால், காபி கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள். முன்பணம் மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.