படச் சட்டமும் ஒரு நிறம்தான்

போன மாதம் ஒருவர் ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸின் படம் ஒன்றின் அச்சுப்படியோடு எங்கள் பிரேம் கடைக்கு வந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு மஞ்சள் சதுரங்கள். “சதுரமெல்லாம் கீழே இறங்கியிருக்கு. மேலே கொஞ்சம் வெட்டி நடுவுக்குக் கொண்டுவந்துடுங்க. பிரேம் தங்கக் கலர்ல போடுங்க” என்றார். இரண்டுமே படத்தைக் கெடுக்கும்.

சதுரங்கள் தவறிப்போய் இறங்கியவை அல்ல. கீழே ஒரு பங்கு இடைவெளி என்றால் பக்கங்களில் இரண்டு பங்கு, மேலே மூன்று பங்கு. அதுதான் அவர் கணக்கு. 1950இல், 62 வயதில் தொடங்கி 1976இல் இறக்கும்வரை இந்த வரிசையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள். வடிவத்தை அசையாமல் நிறுத்திவிட்டு நிறத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார். பெரும்பாலும் கலக்காமல், டியூபிலிருந்து நேராக எடுத்துக் கத்தியால் பூசியதுதான். ஆனாலும் பக்கத்து நிறம் மாறினால் அதே மஞ்சள் ஒரு படத்தில் எரியும், இன்னொன்றில் சோர்ந்து கிடக்கும்.

நம்பாதவர்களுக்காக, ஒரே சாம்பல் அட்டையில் வெட்டிய இரண்டு துண்டுகளை டிராயரில் வைத்திருக்கிறேன். ஒன்றைக் கறுப்புத் தாளிலும் மற்றதை வெள்ளைத் தாளிலும் வைத்துக் காட்டுவேன். கறுப்பில் இருப்பது வெளுத்துத் தெரியும். “இது வேற அட்டை” என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

சரி, இதில் பிரேமுக்கு என்ன வேலை? வெளிச் சதுரத்துக்குப் பக்கத்து வீடு பிரேம்தான். தங்கத்தை ஒட்டி வைத்தால் அது ஆல்பர்ஸ் போடாத ஐந்தாவது சதுரம். மெல்லிய வெள்ளை மரச் சட்டம், படத்துக்கும் அதற்கும் நடுவே விரல்கடை இடைவெளி, அது போதும். மாட்டப்போகும் இடத்து விளக்கையும் கேட்பேன். மஞ்சள் எல்.ஈ.டி. வெளிச்சத்தில் வெளிர் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிப்போகும். வந்தவர் வெள்ளைக்குச் சம்மதித்தார். வெட்டச் சொன்னதை மட்டும் கடைசிவரை விடவில்லை, நானும் வெட்டவில்லை.

அப்புறம், அசல் ஓவியம் யாருடையதானாலும் பின்பக்கத்தை மூடுமுன் போட்டோ எடுத்துவிடுங்கள். ஆல்பர்ஸ் எந்த நிறம், எந்தக் கம்பெனி டியூப் என்று பலகையின் பின்னால் எழுதிவைத்தவர். எல்லாரும் அப்படி இல்லை. டச்சு ஓவியர் மோண்ட்ரியான் 1941இல் வண்ண டேப்புகளை ஒட்டிச் செய்த ஒரு படத்தில் கையெழுத்தே கிடையாது. ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் அருங்காட்சியகத்தில் அது பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகவே தொங்கியிருக்கலாம் என்று 2022இல் அங்கிருந்த காப்பாட்சியரே சொன்னார். கோடுகள் நெருங்கி நிற்கும் பக்கம் மேலேயா கீழேயா என்பதுதான் சிக்கல். இப்போது திருப்பினால் டேப் உரிந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

எங்கள் கடையில் பின்னட்டை பொருத்தியதும் முதல் வேலை, அதில் பென்சிலால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.