முகவுரையில் ஒரு கொள்கை: அது எப்போது வேலை செய்யத் தொடங்கும்?

1978இல் இலங்கை தன் பெயரையே ஜனநாயக சோசலிசக் குடியரசு என்று மாற்றிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே அரசு இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திச் சந்தையைத் திறந்துவிட்டிருந்தது. வாசலில் சோசலிசம், உள்ளே திறந்த பொருளாதாரம். இதைப் பார்த்தால், அரசியலமைப்பில் எழுதிவைக்கும் கொள்கை எல்லாம் வெறும் அலங்காரம் என்றுதான் தோன்றும்.

இந்தோனேசியக்காரரிடம் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார். 1945 ஜூன் 1 அன்று, பின்னர் அந்நாட்டின் முதல் அதிபரான சுகர்ணோ ஓர் உரையில் முன்வைத்த ஐந்து கொள்கைகளுக்குப் பஞ்சசீலா என்று பெயர். அவற்றை முகவுரையில் எழுதும்போதே தகராறு வந்துவிட்டது. முஸ்லிம்கள் ஷரியாவைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற கடமை வரைவில் இருந்தது. இந்தோனேசிய மொழியில் அது ஏழே சொற்கள். விடுதலையை அறிவித்த மறுநாள், ஆகஸ்ட் 18 அன்று, அந்த ஏழு சொற்களும் நீக்கப்பட்டு, 'ஒரே இறைவன் மீது நம்பிக்கை' என்ற பொதுவான வரி நிலைத்தது. எந்த இறைவன் என்று சொல்லாததால்தான் பல மதத்தவரும் அதற்குள் நிற்க முடிந்தது.

ஆனால் அந்த வரிகளுக்குப் பல் முளைத்தது பிறகுதான். அடுத்து வந்த அதிபர் சுகார்த்தோவின் ஆட்சியில், 1985இல், எல்லாக் கட்சிகளும் அமைப்புகளும் பஞ்சசீலாவைத் தங்கள் ஒரே அடிப்படையாக ஏற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. முகவுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. வேற்றுமைகளை அணைத்துப் போவதற்காக எழுதிய வரிகளே, சாதாரணச் சட்டம் ஒன்றோடு சேர்ந்ததும், எதிர்ப்பாளர்களை அடக்கும் கருவியாகிவிட்டன. 1998இல் அவர் வீழ்ந்தபின் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஆனால் 2017இல், கிலாஃபத் ஆட்சியைக் கோரும் ஹிஸ்புத் தஹ்ரீர் என்ற இஸ்லாமிய அமைப்பைக் கலைக்கும்போது அரசு காட்டிய காரணமும் பஞ்சசீலாதான்.

ஆக, முகவுரை எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தச் சொல்லை யார் கையில் கொடுத்திருக்கிறார்கள், நீதிபதியிடமா, கட்சிகளைப் பதிவு செய்யும் அதிகாரியிடமா, இல்லை யாரிடமும் கொடுக்கவில்லையா என்று தேட வேண்டும்.

இந்தியாவில் இதையே வேறு விதமாகப் பார்க்கலாம். 1948 நவம்பரில் அரசியலமைப்பு நிர்ணய சபை உறுப்பினர் கே.டி. ஷா, 'மதச்சார்பற்ற, கூட்டாட்சி, சோசலிச' என்ற சொற்களை அரசியலமைப்பில் சேர்க்கச் சொன்னார். அம்பேத்கர் மறுத்தார். சமூகமும் பொருளாதாரமும் எப்படி அமைய வேண்டும் என்பதைக் காலத்துக்கேற்ப மக்களே முடிவு செய்யட்டும், இப்போதே எழுதிவைத்தால் அவர்கள் கையைக் கட்டுவதாகும் என்பது அவர் வாதம். கூடவே, அரசுக் கொள்கைக்கான வழிகாட்டு நெறிகளில் அந்த உள்ளடக்கம் ஏற்கெனவே இருக்கிறதே என்றும் கேட்டார். அந்த நெறிகளை நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற முடியாது என்று 37ஆம் பிரிவு சொல்கிறது என்பது தனிக்கதை.

1976இல், நெருக்கடி நிலையின்போது, 42ஆவது திருத்தம் 'சோசலிச', 'மதச்சார்பற்ற' என்ற சொற்களை முகவுரையில் நுழைத்தது. 1991இல் பொருளாதாரம் தாராளமயமானபோது 'சோசலிச' என்ற சொல் குறுக்கே வந்து நிற்கவில்லை. 2024இல் உச்ச நீதிமன்றமும் அதற்கு நலவாழ்வு அரசு என்றே பொருள் கொண்டது, தனியார் துறைக்கு அது தடையில்லை என்றது. சரி, அப்படியென்றால் செத்த சொல்லா? இல்லை. 1989 முதல், தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய விரும்பும் கட்சி, சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். தனியார்மயத்தை மேடை மேடையாக ஆதரிக்கும் கட்சியும் இதை எழுதித்தான் தருகிறது. பொருளாதாரத்தை அசைக்காத சொல், விண்ணப்பப் படிவத்தில் உயிரோடு இருக்கிறது!

சில நாடுகள் கொள்கைக்குப் பூட்டே போட்டுவிடும். ஜெர்மனியில் மனித மாண்பும் ஜனநாயகமும் எந்தப் பெரும்பான்மையாலும் நீக்க முடியாதவை. துருக்கியில் மதச்சார்பின்மையைத் தொடக்கூடாது. 2008இல் பல்கலைக்கழகங்களில் முக்காடு அணிய வழிசெய்த அரசியலமைப்புத் திருத்தத்தையே அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் இதைக் காட்டி ரத்து செய்தது. அங்கே கொள்கையின் சாவி நீதிபதிகளிடம் இருந்தது. இது எனக்குக் கொஞ்சம் நெருடலான ஏற்பாடு. வாக்காளர் யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லையே.

பூட்டை உடைக்காமலே உள்ளே போகவும் வழி உண்டு. ரஷ்யாவின் 1993 அரசியலமைப்பு, சோவியத் அனுபவத்துக்குப் பின், எந்தச் சித்தாந்தத்தையும் அரசின் சித்தாந்தமாக நிறுவக்கூடாது என்று 13ஆம் பிரிவில் எழுதியது. அது முதல் அத்தியாயத்தில் இருப்பதால் நாடாளுமன்றம் அதை மாற்ற முடியாது. 2020இல் அரசியலமைப்பைத் திருத்தியபோது அதைத் தொடவும் இல்லை. மூதாதையர் தந்த கடவுள் நம்பிக்கை, ஆணும் பெண்ணும் சேர்வதே திருமணம் என்பதெல்லாம், திருத்தக்கூடிய மூன்றாம் அத்தியாயத்தில் 67, 72 ஆகிய பிரிவுகளையொட்டிச் சேர்ந்துகொண்டன.