பில்டர் சிகரெட்: மணலுக்கும் கேடு, நெஞ்சுக்கும் கேடு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ மணலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தண்ணீர் பாட்டிலும் தின்பண்டக் கவரும் கண்ணில் படும், மறுநாள் துப்புரவுப் பணியாளர்கள் பொறுக்கிவிடுவார்கள். சிகரெட் துண்டு அப்படியில்லை. கால் பட்டதும் மணலுக்குள் போய்விடும். நாகர்கோவிலில் நுரையீரல் நோயாளிகளைப் பார்க்கிற மருத்துவர் நான். கடற்கரைக் குப்பையில் எனக்கு அதிகம் கவலை தருவது அந்தத் துண்டுதான்.

அதன் நுனியில் இருக்கும் பில்டர் வெறும் பஞ்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் இழை. மக்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், அதுவரை நுண்ணிழைகளாக உதிர்ந்துகொண்டே இருக்கும். புகைத்த துண்டில் நிக்கோட்டினும் ஈயமும் ஆர்செனிக்கும் தங்கியிருக்கும். 2011இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு துண்டு என்ற அளவில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரில் மீன்களை விட்டார்கள். நான்கு நாளில் ஏறக்குறையப் பாதி மீன்கள் செத்துப்போயின. வடசேரியில் ஓடையோரம் ஒருவர் வீசும் துண்டு, நல்ல மழை பெய்தால் பழையாற்றில் சேர்ந்து மணக்குடிக் காயல் வரை போகும். அங்கே வலை வீசிப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. 2022 ஜூலையில் நாடு முழுவதும் வந்த தடை, சிகரெட் பெட்டியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் சேர்த்துக்கொண்டது. பெட்டிக்குள் இருக்கும் பில்டரை விட்டுவிட்டது. இது பெரிய குறை, திருத்தப்பட வேண்டும்.

சரி, நெஞ்சுக்கு வருவோம். “டாக்டரே, நான் பீடி தொடமாட்டேன், பில்டர் சிகரெட் மட்டும்தான்” என்று நிம்மதியாகச் சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்த நிம்மதி பொய். புகைப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்ற செய்தி பரவிய 1950களில்தான் கம்பெனிகள் பில்டரைப் பெரிய அளவில் விற்கத் தொடங்கின. பல பில்டர்களைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்று கலப்பதால் இயந்திரத்தில் வைத்து அளந்தால் தார் (புகையிலுள்ள ஒட்டும் நச்சுக் கசடு) குறைவாகக் காட்டும். மனிதர் இயந்திரம் இல்லையே. உடம்பு கேட்கிற நிக்கோட்டின் கிடைக்கும்வரை ஆழமாக இழுப்பார், விரலும் உதடும் துளைகளை அடைத்துவிடும், இன்னொன்றும் பற்றவைப்பார். புகை நுரையீரலின் ஓரம்வரை போய்ச் சேரும்.

முன்பெல்லாம் புகைப்பவருக்குப் பெரிய மூச்சுக்குழாய்களை ஒட்டிய புற்றுநோய்தான் அதிகம். இப்போது நுரையீரலின் வெளி ஓரத்தில் வளரும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய் வகை கூடியிருக்கிறது. 1950களுக்குப் பிறகு சிகரெட்டின் அமைப்பு மாறியதே அதற்குக் காரணம், துளையிட்ட பில்டருக்கும் அதில் பங்கிருக்கலாம் என்று அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2014ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஓரத்தில் வளரும் கட்டி சீக்கிரம் இருமலைக் கொண்டுவராது. எக்ஸ்ரேயில் தெரியும்போது பலருக்கு முற்றிப்போயிருக்கும்.

இதைப் படித்துவிட்டு பீடிக்கு மாறிவிடாதீர்கள். பீடி அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், உள்ளே போகும் நச்சு அதனால் கூடுகிறது. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் இரவு வள்ளத்தில் போகிறவர்களும் தூக்கத்தை விரட்டப் பற்றவைக்கும் பீடி, நாற்பது வயதிலேயே மாடிப்படி ஏற முடியாத இளைப்பாகத் திரும்பி வருவதைப் பார்க்கிறேன். வீட்டில் அவர் விடும் புகையைச் சுவாசிக்கும் மனைவியும் பிள்ளைகளும் அதே இளைப்போடு வருகிறார்கள். கேரள உயர்நீதிமன்றம் 1999இலேயே பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. 2008 அக்டோபர் 2 முதல் கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அதே விதிதான், மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நிற்பவர் புகைத்தால் அணைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒன்று. கடைசி சிகரெட்டை அணைத்த 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கும், ஒரு வருடத்தில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறையப் பாதியாகும். முதல் வாரம்தான் கஷ்டம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், அது நிக்கோட்டின் இல்லாத தவிப்பு, அடங்கிவிடும். மருந்துக் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கும். அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் வயிற்று எரிச்சலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மென்று, அப்புறம் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள், காரம் போனதும் மறுபடி மெல்லுங்கள். டீயோ காபியோ குடித்துக் கால் மணி நேரம் கழித்துப் போட்டால்தான் மருந்து சரியாக இறங்கும். இதய நோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா எண் இருக்கிறது. சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள்.