சிவந்த கிழவனிடம் புற ஊதா ஏது?

மார்கழி மாதம் முன்னிரவில் கிழக்கே பார்த்தால் திருவாதிரை செக்கச்செவேலென்று நிற்கும். அந்தச் சிவப்புக்கு அர்த்தம் சூடு குறைச்சல் என்பதுதான். அதன் மேற்பரப்பு சுமார் 3,500 கெல்வின், சூரியனுக்கோ 5,770. சூரியனைப் போன்ற விண்மீன்களும் வயதாகி ஊதிப் பெருக்கும்போது 3,000 கெல்வின் பக்கம் இறங்கிவிடுகின்றன.

அந்த 3,000 கெல்வின் சூட்டில் புற ஊதா எவ்வளவு வரும்? ஒரு பொருளின் சூட்டை வைத்து அது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி தரும் என்று சொல்லும் பிளாங்க் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். 150 நானோமீட்டர் அலைநீளத்தில், சூரியனின் ஒரு சதுர மீட்டர் தருவதில் ஏறக்குறைய 50 லட்சத்தில் ஒரு பங்கைத்தான் இதன் சதுர மீட்டர் தரும். உடம்பின் பரப்பு பல்லாயிரம் மடங்கு பெரிது என்றாலும் கட்டுப்படியாகாது. ஆனால் 2003-ல் நாசா ஏவிய கேலக்ஸ் தொலைநோக்கியின் படங்களில் இப்படிப்பட்ட கிழட்டு விண்மீன்கள் சில புற ஊதாவில் பளிச்சென்று தெரிந்தன.

சந்தேகம் முதலில் விண்மீன் மேலேயே விழுகிறது. இந்த வயதில் அது மாதக்கணக்கில் விம்மித் தணிகிறது. ஒவ்வொரு விம்மலிலும் கிளம்பும் அதிர்ச்சி அலை வெளி வாயுவில் மோதிச் சூடேற்றுகிறது; அங்குள்ள மக்னீசிய அயனிகள் 280 நானோமீட்டரில், அதாவது புற ஊதாவில், ஒளிர்கின்றன. போதாததற்கு, மேற்பரப்புக்கு மேலே நிறமண்டலம் என்ற சூடான அடுக்கும் உண்டு. 1995-ல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி புற ஊதாவில் எடுத்த படத்தில், திருவாதிரை கண்ணுறு ஒளியில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது இதனால்தான்.

இன்னொரு சந்தேகம், கூடவே சுற்றும் துணை விண்மீன். ஊதிப் பெருத்த கிழட்டு ராட்சதன் ஊதித்தள்ளும் வாயுவை இந்தத் துணை இழுத்துக்கொள்ளும். வாயு நேரே விழாமல் தட்டாகச் சுழன்று, உரசி, பல்லாயிரம் கெல்வினுக்குச் சூடாகும். சாதாரண ஒளியில் இது பெட்ரோமாக்ஸ் பக்கத்தில் மின்மினி. புற ஊதாவில் பார்த்தால் பெட்ரோமாக்ஸ் அணைந்துவிடும், மின்மினி மட்டும் மிஞ்சும்.

சரி, யார் என்று எப்படிப் பிரிப்பது? மிதுன மண்டலத்தில் இருக்கும் ஒய் ஜெமினோரம் என்ற விண்மீனை ஹபிள் பார்த்தபோது அதன் புற ஊதா 20 விநாடிக்குள்ளேயே படபடத்தது. எனக்கு இதில் பிடித்தது இந்த எளிய கணக்கு: இந்த ரக விண்மீனைக் குறுக்கே கடக்க ஒளிக்கே பல நிமிடம் வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பு மொத்தமும் 20 விநாடியில் மங்கிப் பிரகாசிக்க வழியே இல்லை. மினுக்குவது ஏதோ சின்ன வஸ்து. வாயுவின் சூடும் 30,000 கெல்வினைத் தாண்டியிருந்ததால், துணைதான் என்று அடித்துச் சொல்லத் தோன்றுகிறது.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமில்லை. கண்ணுறு ஒளிக்குப் பக்கத்திலுள்ள புற ஊதா கொஞ்சமாக வந்தால், துணையைத் தேடாமல் விண்மீனையே காரணம் காட்டலாம். அலைநீளம் குறைந்த தூரப் புற ஊதா அள்ளி வீசினால்தான் துணை மேல் சந்தேகம் வலுக்கிறது.

திமிங்கில மண்டலத்தில் உள்ள மீராவில் இரண்டும் உண்டு. 332 நாளுக்கு ஒருமுறை விம்முகிறது. பக்கத்தில் வாயுவை இழுக்கும் துணையும் இருக்கிறது. 1596-ல் டேவிட் ஃபேப்ரிசியஸ் கவனித்ததிலிருந்து எத்தனையோ பேர் பார்த்த விண்மீன். அப்புறம் 2007-ல் கேலக்ஸ் படத்தில் அதன் பின்னால் 13 ஒளியாண்டு நீள வால் ஒன்று தெரிந்தது. விநாடிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மீரா வழிநெடுக உதிர்த்த வாயு அது. தூரப் புற ஊதாவில் மட்டும் ஒளிர்ந்ததால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. வாலின் கடைசி நுனி, மீராவை விட்டுப் பிரிந்து சுமார் 30,000 ஆண்டுகள் ஆகின்றன.