டின்னில் இருப்பது இன்சுலின் இல்லை

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பட்டர்வொர்த்தில் எங்கள் மருந்தகத்துக்கு வந்த அந்த அம்மாவின் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 21.4 மில்லிமோல், அதாவது மிக அதிகம்.

"ஊசி போடுறீங்களாம்மா?"

"விட்டு மூணு வாரமாச்சு பாப்பா" என்று பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து வைத்தார். மாம்பழ வாசனையில் அமினோ ஆசிட் பவுடர். "இன்சுலினும் அமினோ ஆசிட்தானாம், இதுவும் அதுதானாம். குடிச்சா போதும்னு சொன்னாங்க."

பாதி உண்மை. அதனால்தான் எரிச்சல் வருகிறது.

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் (அமினோ ஆசிட், அதாவது புரதத்தின் கட்டுமானக் கற்கள்) இரண்டு சங்கிலிகளாகக் கோத்திருக்கின்றன: ஏ சங்கிலியில் 21, பி சங்கிலியில் 30. எது எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான் சூட்சுமம். செல்லின் மேலிருக்கும் ஏற்பியோடு (இன்சுலின் சாவி என்றால் இது பூட்டு) பிணையும்போது பி சங்கிலியின் வால் கொஞ்சம் விலகிக்கொடுக்கிறது. அதன் 24ஆம் இடத்தில் இருக்கும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் ஏற்பியின் ஒரு குழிக்குள் போய் உட்காருகிறது. வால் விலகியதும் அதன் பின்னால் மறைந்திருந்த ஏ சங்கிலியின் ஐசோலூசின், வாலின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் வெளிப்பட்டு ஏற்பியைப் பிடித்துக்கொள்கின்றன. (படிக்கும் காலத்தில் இந்தப் பாடத்தில் எனக்கும் தூக்கம்தான் வந்தது.)

இப்போது டின்னைத் திருப்பிப் படியுங்கள். லூசின், ஐசோலூசின், வாலின் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். ஜப்பானில் 'வக்கயாமா இன்சுலின்' என்ற பிறவி மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏ சங்கிலியின் 3ஆம் இடத்தில் வாலினுக்குப் பதில் லூசின், அவ்வளவுதான். ரத்தத்தில் இன்சுலின் நிறையவே இருந்தது, ஆனால் ஏற்பியில் சரியாகப் பிணையவில்லை. இனிப்பு நீர் வந்தது. ஓர் இடத்தில் ஒன்று மாறியதற்கே இந்தக் கதி என்றால், வரிசையே இல்லாத தூளைக் கரைத்துக் குடித்து என்ன ஆகும்?

"அமினோ ஆசிட் கொடுத்தால் உடம்பே இன்சுலின் செய்துகொள்ளாதா?" என்று அடுத்த கேள்வி வரும். சரக்குக்குப் பஞ்சமில்லை ஐயா! பருப்பும் முட்டையும் மீனும் வேண்டிய அளவு தருகின்றன. ஆனால் கணையத்தில் இன்சுலின் செய்யும் பீட்டா செல்கள் களைத்துவிட்டன, அல்லது அழிந்துவிட்டன. பட்டறையில் ஆளில்லாதபோது வாசலில் மரம் இறக்கி என்ன பயன்? இன்சுலினையே குடித்தாலும் வயிறு அதைச் சோற்றோடு செரித்துவிடும். ஊசி எதற்கு என்பதற்கு அதுதான் பதில்.

இன்னொன்று. டின்னில் எம்.ஏ.எல். எண் (மலேசிய அரசின் பதிவு எண்) இருக்கிறதே என்று காட்டாதீர்கள். கடைசி எழுத்து 'என்' (N) என்றால் அது துணை உணவு. நோயைக் குணப்படுத்தும் என்று யாரும் சான்று தரவில்லை.

ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தியிருந்தால், விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகப் போட்டுவிடாதீர்கள். இன்றே டாக்டரைப் பாருங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் இரண்டு வகைப் பேனா இருந்தால் மாற்றிப் போடாதீர்கள். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் வேலை செய்யும்; சில வகைகளில் அமினோ அமிலங்களை மாற்றியமைத்தே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அந்த அம்மாவை அன்றே கிளினிக்குக்கு அனுப்பினேன். டின்னில் பாதி மிச்சம். "காசு கொடுத்தது வீணாப் போகுதே" என்றார். அப்படி ஒரு டின் உங்கள் வீட்டிலும் இருந்தால், திறப்பதற்கு முன் எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள். திட்ட மாட்டேன். கொஞ்சம்தான் திட்டுவேன்.