வேகவைத்த மஞ்சள் முளைக்காது

போன மாதம் கொடுமுடிப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் விவசாயி பென்டிரைவோடு, பழைய வீடியோக்களைக் கணினிக்கு ஏற்றித் தரும் என் கடைக்கு வந்தார். 2011-இல் நடந்த மகளின் கல்யாணத்தை மைத்துனர் மகன் கேம்கார்டரில் எடுத்திருக்கிறான். "தம்பி, படம் முழுக்க இருக்கிறதுங்க. மங்கல வாழ்த்தில் மட்டும் ஓர் இடத்தில் ஒரு வார்த்தை விழுந்துவிடுகிறது" என்றார். கொங்குக் கல்யாணங்களில் அந்த வாழ்த்தைப் பாடுபவர் குடிமகனார்; இதைப் பாடியவர் காலமாகிவிட்டார். அந்தக் குரலுக்காகத்தான் அவர் வந்திருந்தார்.

போட்டுக் கேட்டேன். தாளம் சீராகப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென அரை நொடி மௌனம், படமும் ஒரு துள்ளல். பிறகு பாட்டு அடுத்த சொல்லில் தொடர்கிறது. எங்கே தவறியது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

2006-இல் அறிமுகமான ஏவிசிஎச்டி (AVCHD) என்ற வீடியோ முறையில் பதியும் கேமராக்கள் நீளமான பதிவை ஒரே கோப்பாக வைப்பதில்லை. பல மாடல்களில் 2 ஜிபி ஆனதும் அடுத்த கோப்பு தொடங்கும்; தரத்தைப் பொறுத்து 12 முதல் 16 நிமிடத்துக்கு ஒன்று. கார்டைத் திறந்தால் 'பிரைவேட்', 'ஏவிசிஎச்டி', 'பிடிஎம்வி' என்று கூடைக்குள் கூடையாகப் போய், 'ஸ்ட்ரீம்' என்ற கடைசிக் கூடையில் 00000, 00001 என்று எம்டிஎஸ் (MTS) வீடியோ கோப்புகள் கிடக்கும். எது எதனோடு சேரும் என்ற கணக்கு பக்கத்து ஃபோல்டர்களில் உள்ள குட்டிக் கோப்புகளில் இருக்கிறது. தனியாகத் திறக்காத அவற்றைக் குப்பை என்று நினைத்துப் பலர் அழித்துவிடுகிறார்கள்.

இவர் வீட்டுப் பையனும் அதைத்தான் செய்திருக்கிறான். பெரிய கோப்புகளை மட்டும் இழுத்து, ஒவ்வொன்றையும் இலவச மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றி, பிறகு ஒட்டியிருக்கிறான். ஒட்டிய இடத்தில் ஒலி அறுந்துவிட்டது. மூலக் கோப்புகள் இருந்திருந்தால் மாற்றாமல் அப்படியே வரிசையாக இணைத்துக் கொடுத்திருப்பேன். பெரும்பாலும் தையல் தெரியாமல் சேர்ந்துவிடும். கார்டு எங்கே என்று கேட்டேன். அழித்து, அதன்மேல் பேத்தியின் காதுகுத்தை எடுத்துவிட்டார்களாம். மேலே எழுதிய கார்டிலிருந்து பழையதை மீட்பேன் என்று சொல்லிப் பணம் வாங்க எனக்கு மனமில்லை.

அவருக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னேன். "வேகவைத்துக் காயவைத்த மஞ்சள் மார்க்கெட்டுக்குப் போகும், அதை நட்டால் முளைக்குமா?" சட்டென்று தலையாட்டினார். எம்பி4 பார்ப்பதற்கும் அனுப்புவதற்கும் வசதிதான். ஆனால் மாற்றும்போது தரம் ஒரு படி இறங்கும். எடுத்த நாள், மணி போன்ற தகவல்களும் பல நேரம் உதிர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே கார்டில் உள்ளதை முழு ஃபோல்டராக, ஒன்றையும் விடாமல் கணினிக்கு நகல் எடுங்கள். வெளி ஃபோல்டருக்கு '2011-09-04 காதுகுத்து கோபி' என்று ஆண்டை முதலில் வைத்துப் பெயரிட்டால் தானாக வரிசைப்படும். உள்ளே இருக்கும் பெயர்களைத் தொடாதீர்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். நடுவில் ஒரு கோப்பை ஓடவிட்டும் பாருங்கள். பிறகு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல். அது இன்னொரு வீட்டில் இருக்கட்டும். ஒரே பீரோவில் இரண்டு டிஸ்க்கையும் வைத்துப் பூட்டுபவர்கள் நிறையப் பேர். திருடனுக்கு வேலை மிச்சம். அதுவரை கார்டை அழிக்கக் கூடாது.

பழைய கேம்கார்டர்களில் போடும் சின்ன டேப்பான மினி டிவி (MiniDV) கேசட் வேறு வகை. ஒரு மணி நேர கேசட்டைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும். கோப்பு ஏறக்குறைய 13 ஜிபி வரும். பழைய எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை ஏற்காது என்பதால், "இடம் இருந்தும் ஏறவில்லை" என்று பலர் தொலைபேசியில் கேட்கிறார்கள். பல கேமராக்களில் யுஎஸ்பி வழியே புகைப்படம் மட்டும்தான் வரும். வீடியோவுக்கு ஃபயர்வயர் (FireWire) என்ற வேறு வகை இணைப்புத் துளையில் கேபிள் செருக வேண்டும். இன்றைய லேப்டாப்களில் அந்தத் துளை கிடையாது. பழைய டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போட்டு வைத்திருக்கிறேன். வால்பாறை போன்ற ஈரமான ஊரிலிருந்து வரும் கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போடாதீர்கள்; டேப்பைப் படிக்கும் ஹெட் கெட்டு, அடுத்த கேசட்டும் பாழாகும்.

மறுவாரம் அவரே திரும்ப வந்தார், பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு மினி டிவி கேசட்டோடு. 2004 பொங்கல் என்று மேலே பேனாவில் எழுதியிருந்தது. ஏற்றி முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார், டீ ஆறிப்போயிருந்தது. டிஸ்க்கைக் கையில் கொடுத்தேன். "இனி இந்தக் கேசட்டை என்னங்க செய்வது?" என்றார். பத்திரமாக வையுங்கள் என்றேன். அதே துணியில் மறுபடி சுற்றிக்கொண்டு போனார்.