பெரிய கோயிலின் வடசுவரை வகுப்பறைக்குக் கொண்டுவருதல்: வரலாற்றுக் காணொலி தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி மாணவர்களுக்குக் காட்டப்படும் காணொலிகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கின்றன. விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தை, சுற்றிப் பறக்கும் கேமரா, பின்னணியில் முழங்கும் இசை, ‘80 டன் எடையுள்ள ஒரே கல்’, ‘நிழலே விழாத கோபுரம்’ என்று ஒரு குரல். பத்து நிமிடம் முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். ‘அந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இத்தனைக்கும் அந்தக் கோயிலைக் கட்டியவரே, யார் என்ன கொடுத்தார்கள் என்பதைக் கல்லில் வெட்டச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நம் காணொலிகள் அந்தக் கல்லைத் தாண்டி வானத்துக்குப் போய்விடுகின்றன.

கோயில் முழுவதையும் ஒரு காணொலியில் அடக்கப் பார்க்காமல் ஒரே ஒரு கல்வெட்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவிமானத்தின் அடிப்பகுதியில் வடக்கில் தொடங்கி மேற்கிலும் தொடரும் நீண்ட கல்வெட்டு இதற்கு மிகப் பொருத்தம். ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டு 20ஆம் நாள், தஞ்சாவூர் அரண்மனையில் இருமடிசோழனின் கீழைத் திருமஞ்சனசாலையில் (கிழக்கு நீராட்டு மண்டபத்தில்) இருந்தபடி அரசன் இட்ட ஆணை அதில் இருக்கிறது. நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்பதுதான் ஆணையின் சாரம். அக்கன் என்றால் குந்தவை. தன் கொடைக்கு அடுத்த இடத்தை அக்காவின் கொடைக்குக் கொடுத்திருக்கிறார்.

இந்த ஒரு வரிக்குள் ஒரு வாரப் பாடம் இருக்கிறது. ‘குடுத்தன’, ‘எடுப்பிச்ச’ (கட்டுவித்த), ‘மொழிஞ்சருள’ (சொல்லியருள) ஆகிய சொற்களைப் பாருங்கள். ‘குடுத்தான்’ என்று தேர்வுத்தாளில் எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேரரசனின் ஆணையில் அதே ஒலி கல்லில் ஏறி நிற்கிறது. வீட்டில் பாட்டி பேசும் தமிழுக்கும் இந்தச் சுவருக்கும் உள்ள உறவைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்படி விட வேண்டும். காணொலியில் நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அந்த மகிழ்ச்சி அவர்களுக்குக் கிடைக்காது.

காலக்கணக்கையும் அவர்களே போடட்டும். ராஜராஜன் ஆட்சிக்கு வந்தது 985. விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்தது 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாள். கொடைகளைக் கல்லில் வெட்டச் சொன்னது 26ஆம் ஆண்டு 20ஆம் நாள். இடையில் எத்தனை நாள்? விரல் விட்டு எண்ணினால் 110 வரும். கோயில் முடிந்த ஆண்டு 1010 என்று பாடநூலிலிருந்து மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கும், குடம் ஏறிய மூன்றரை மாதத்தில் கணக்கை எழுத உத்தரவு வந்தது என்று தானே கணக்கிட்டுக் கண்ட பிள்ளைக்கும் நிறைய வேறுபாடு உண்டு.

கல்லெழுத்தைப் படம் பிடிப்பது

முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. எழுத்து கல்லில் குழிந்து வெட்டப்பட்டிருக்கிறது. கேமராவுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் நேராக விழுந்தால் குழிக்கும் மேட்டுக்கும் வேறுபாடு தெரியாது; வெறும் கல்தான் தெரியும். கைபேசியின் ஃபிளாஷைப் போட்டால் இன்னும் மோசம். வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டிலிருந்து, சுவரோடு 10 முதல் 20 பாகைக்குள் வர வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும்.

வடசுவருக்கு ஒரு சிக்கல் உண்டு. பள்ளிச் சுற்றுலாக்கள் அதிகம் நடக்கும் டிசம்பர், ஜனவரியில் சூரியன் நாள் முழுவதும் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது வடசுவரில் நேர்வெயில் படாது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காலையிலும் மாலையிலும் வெயில் வடக்கிலிருந்து வரும். ஜூன் மாதம் காலை 9.30 மணி அளவில் அது வடசுவரை ஏறத்தாழ 15 பாகையில் உரசும். இதைவிட நல்ல வெளிச்சத்தை எந்த விளக்காலும் தர முடியாது. நண்பகலில் போகாதீர்கள். சூரியன் உச்சிக்கு வரும்போது, மேலே துருத்தி நிற்கும் கல்வரிசையின் நிழல் கீழே உள்ள எழுத்தின் மேல் விழுந்து மறைத்துவிடும். தென்சுவருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

குளிர்காலத்தில்தான் போக முடியும் என்றால் ஒரு எல்.இ.டி. டார்ச் போதும். எழுத்திலிருந்து ஓர் அடி தள்ளிப் பக்கவாட்டில் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் படம் பிடிக்கலாம். இடப்பக்கமிருந்து ஒரு முறை, வலப்பக்கமிருந்து ஒரு முறை, மேலிருந்து ஒரு முறை எடுங்கள். கிடைக்கோடுகள் ஒரு வெளிச்சத்தில் தெரியும், செங்குத்துக் கோடுகள் இன்னொன்றில் தெரியும். கைபேசியில் வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டிவிட்டு, சுவருக்கு நேர் எதிரே நின்று, ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது 10 நொடி அசையாமல் பிடியுங்கள். சுவர் நெடுக நடந்துகொண்டே எடுத்த காட்சியில் எந்த எழுத்தையும் படிக்க முடியாது. அளவு தெரிய ஒரு அளவுகோலைச் சட்டகத்தின் ஓரத்தில் பிடித்தால் போதும். சுவரில் ஒட்டக் கூடாது.

எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, தண்ணீரோ எண்ணெயோ தடவுவது இவற்றில் எதையும் செய்யாதீர்கள். பழைய புகைப்படங்களில் வெள்ளை பூசிய கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு, அதுதான் முறை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொடி கல்லின் நுண்துளைகளில் இறங்கித் தங்கிவிடும். எண்ணெய் தூசியைப் பிடித்துக் கறையாகும். இன்னொரு கேடும் உண்டு: சாக்பீஸ் பிடித்தவர் தவறாகப் படித்த எழுத்தைத்தான் அடுத்து வருபவரும் படிப்பார், கல்வெட்டியவரின் எழுத்து மறைந்துபோகும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குச் சேதம் விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. மைப்படி எடுப்பது (கல்லில் தாளை ஒற்றி மையால் எழுத்தைப் படியெடுப்பது) பயிற்சி பெற்ற கல்வெட்டாய்வாளர்களின் வேலை. முக்காலி, பெரிய விளக்குகள், ட்ரோன் எதுவானாலும் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். வழிபாடு நடக்கும் கோயில் என்பதால் கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

திரையில் படிக்க வைப்பது

எடுத்த படத்தை அப்படியே ஓட்டினால் பிள்ளைகளுக்கு விளங்காது. 11ஆம் நூற்றாண்டு எழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகார வேறுபாடு இல்லை. ஒகர ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஸ்ரீ, ராஜராஜ போன்றவை கிரந்த எழுத்தில் வரும். ஆகவே நான்கு படிகளில் காட்டுங்கள்: முதலில் வெறும் கல், பிறகு அதன் மேல் வண்ணக் கோட்டால் வரைந்த அதே எழுத்துகள், பிறகு இன்றைய எழுத்தில் புள்ளியில்லாமல், கடைசியாகப் புள்ளியோடும் சொற்பிரிப்போடும். ஒவ்வொரு படிக்கும் 8 நொடியாவது கொடுக்க வேண்டும். மூன்றாவது படியில் குரலை நிறுத்திவிடுங்கள். ‘குடுததனவும’ என்று திரையில் நிற்கும்போது வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை வாய்விட்டுப் படித்துவிடும். அந்த அமைதியை இசையால் நிரப்பாதீர்கள்.

வாசகத்தை வாட்ஸ்அப்பில் வந்த படத்திலிருந்து எடுக்க வேண்டாம். பெரிய கோயில் கல்வெட்டுகள் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் வரி வரியாக அச்சாகியிருக்கின்றன. நம் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே திரையில் ஏற்ற வேண்டும். இந்த ஒரு வேலைக்கே அரை நாள் ஆகும். அதைக் குறைக்க வழியில்லை.

நீளம் 6 முதல் 7 நிமிடம் போதும். திரையில் வரும் எழுத்தின் உயரம் திரை உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால்தான் கடைசி வரிசைக்குத் தெரியும். வகுப்பில் மின்விசிறி ஓடும் என்பதை நினைவில் வைத்துக் குரலைப் பதிவு செய்யுங்கள். கோயில் வெளியில் காற்று அதிகம் என்பதால், அங்கே பேசாமல் வீட்டில் ஒரு மூடிய அறையில் பேசிச் சேர்ப்பது நல்லது.

நிழலும் ஒற்றைக் கல்லும்

‘நிழல் விழாது’ என்பதைப் பொய் என்று அறிவித்துவிட்டு நகர்ந்தால் பிள்ளை நம்பாது. வீட்டில் அப்பாவே அப்படித்தான் சொல்லியிருப்பார். கணக்கைக் கொடுங்கள். விமானத்தின் உயரத்தை ஏறத்தாழ 60 மீட்டர் என்றும் அடிப்பகுதியின் ஒரு பக்கத்தைச் சுமார் 30 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். டிசம்பர் 21 நண்பகலில் தஞ்சையில் சூரியன் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் இருக்கும். உச்சியின் நிழல் விமானத்தின் நடுவிலிருந்து வடக்கே 40 மீட்டர் தள்ளி விழ வேண்டும். அடிப்பகுதியின் பாதியான 15 மீட்டரைக் கழித்தால், சுவரைத் தாண்டி 25 மீட்டர் தரையில் நிழல் கிடக்கும். அன்று போய்ப் படம் எடுத்தால் அது கிடைக்கும். பிறகு, இந்தக் கதை எப்படிப் பிறந்திருக்கும் என்று கேளுங்கள். விமானம் மேலே போகப் போகக் குறுகுகிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதால் உச்சியின் நிழல் அதன் உடம்பின் மேலேயே விழுந்துவிடும். பார்த்தவர் பொய் சொல்லவில்லை. பார்த்த நேரம் அப்படி.

உச்சியில் இருக்கும் எண்பட்டைச் சிகரமும் ஒற்றைக் கல் அல்ல, பல கற்களை இணைத்துச் செய்தது. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து நீண்ட சாய்தளம் அமைத்துக் கல்லை உச்சிக்கு ஏற்றினார்கள் என்ற கதை வழிவழி வருவது. இதைக் காணொலியில் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் கல்லில் படித்தது, அளந்து கணக்கிட்டது, ஊரார் சொல்வது ஆகிய மூன்றுக்கும் மூன்று வண்ணப் பட்டைகள் வைத்துத் திரையின் கீழே காட்டுங்கள். இரண்டாவது காணொலிக்குள் பிள்ளைகளே ‘டீச்சர், இதுக்கு எந்தக் கலர்?’ என்று கேட்பார்கள்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களில் கூடுதல் கவனம் தேவை. ராஜராஜன் பெரிய நந்தியின் முன் நிற்பதுபோல் ஒரு படம் எளிதில் கிடைத்துவிடும். இன்று நாம் பார்க்கும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. முருகன் சன்னதியும் அப்படியே. பெரியநாயகி அம்மன் சன்னதி 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. 1010இல் கோயில் எப்படி இருந்தது என்று காட்ட வேண்டுமானால் இவற்றை எல்லாம் நீக்கிய எளிய கோட்டுப் படமே நேர்மையானது. அதன் மேலும் ‘வரைந்து காட்டியது’ என்று எழுதிவிடுங்கள்.

நேரில் போனாலும் பார்க்க முடியாத இடங்களுக்குத்தான் காணொலி உண்மையாகவே தேவைப்படுகிறது. கருவறையைச் சுற்றிய உள்வழியில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டார். மேல்தளத்தில் 108 நாட்டியக் கரணங்களுக்கு (நடன நிலைகளுக்கு) கற்கள் வைத்து, 81 மட்டும் செதுக்கி, மீதியை வெறுமனே விட்டிருக்கிறார்கள். இரண்டும் பொதுமக்கள் போக முடியாத இடங்கள். முறையாக அனுமதி பெற்ற புகைப்படங்களைக் கொண்டு அந்த 27 வெற்றுக் கற்களை ஒரு நிமிடம் காட்டுங்கள். ஏன் நின்றது என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் விடுங்கள்.

கல்வெட்டில் வரும் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு (கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிருக்கு) ஒரு தனிக் காணொலி ஒதுக்கலாம். எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் பதிவு இருக்கிறது; பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தல் அளவை) நெல். திரையில் பெயர்களை மெதுவாக ஓடவிட்டு, அவர்கள் வந்த ஊர்களை மாணவர்கள் வரைபடத்தில் குறிக்கட்டும். அதில் தங்கள் ஊர் வந்தால், அந்த இடத்தில் காணொலியை நிறுத்துங்கள்.